அழித்த குரலோடு பெருந்துறைக்கு

கோயம்புத்தூரில் இறங்கிய கையோடு ஓட்டோக்காரர் என்னைப் பாலக்காட்டுக்காரி ஆக்கிவிட்டார். நான் வாயைத் திறந்தாலே இந்த ஊரில் அப்படித்தான். யாழ்ப்பாணத் தமிழ் இவர்கள் காதில் மலையாளமாக விழுகிறது. இலங்கை என்று சொன்னதும் முன்கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். பாவமுங்க உங்க சனம் என்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வழியில் நிறுத்தி ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். இந்த ஊர் மரியாதைக்கு முன்னால் கோபப்படக்கூட முடியாது. எனக்கோ அன்று யாரிடமாவது எரிந்து விழ வேண்டும் போல இருந்தது.

வரும்போதே மனம் சரியில்லை. நான் பேச்சுப் பயிற்சியாளர். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டவர்களுக்கு மறுபடி பேசப் பழக்குவது என் தொழில். அது போதாதென்று மூன்று வருடமாக ஆய்வு என்றொரு வம்பையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆட்களை எண்ணிக் கணக்குப் போடுகிற ஆய்வு இல்லை. ஆளை உட்கார வைத்து, அவர் சொல்வதையெல்லாம் பதிவு செய்து, எழுத்தாக்கி, வரி வரியாகப் படித்து, குரல் போவது என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளப் பார்க்கிற ஆய்வு. போன வருடம் இங்கே ஒரு மருத்துவமனையில், அறுவைக்கு முந்திய நாட்களில் சிலரிடம் பேட்டி எடுத்திருந்தேன். இந்த முறை அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அவரவரிடமே வந்திருக்கிறேன். வாசித்துக் காட்டி, இதைத்தானே சொன்னீர்கள் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் முறையில் அது கட்டாயம். கிளம்புகிற அன்று காலையில்தான் பட்டியலில் இருந்த சிலர் இப்போது இல்லை என்று செய்தி வந்தது.

கணபதி என்ற பகுதியில் நான் தங்கிய அறைக்குக் கீழே ஒரு லேத் பட்டறை. பக்கத்தில் இன்னொன்று. எதிரில் மோட்டாருக்கு ஏதோ கடைகிற இன்னொன்று. காலை ஒன்பது மணிக்கு எல்லாம் சேர்ந்து ஆரம்பித்தால் பல் கூசும். காலைச் சாப்பாட்டுக்குச் சந்தகை என்று கொடுத்தார்கள். பார்த்தால் நம்முடைய இடியப்பம்தான், அதைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுத் தித்திப்பாகச் சாப்பிடுகிறார்கள். எனக்குச் சொதியும் சம்பலும் வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, நூல் நூலாக நல்ல மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் காலங்காத்தாலே இனிப்பு இறங்கவில்லை, பாதியில் வைத்துவிட்டேன். பரிமாறியவர் வந்து, என்னுங்க, புடிக்கலீங்களா என்று முகம் வாடிக் கேட்டதும் மீதியையும் விழுங்கினேன்.

இரண்டாம் நாள் மருத்துவமனை. அங்கே மறுவாழ்வுப் பிரிவில் செல்வி என்றொரு தாதி இருக்கிறார். அறுவை முடிந்தவர்களுக்குக் கழுத்துத் துளையைத் துடைக்கவும் மூடவும் கற்றுக்கொடுப்பவர். நோயாளிகளின் வீட்டு விலாசம், பேரப்பிள்ளையின் பெயர், கறிக்கு எவ்வளவு உப்பு என்பது வரை தெரிந்தவர். பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, இவரு போயிட்டாருங்க, இவரும் போயிட்டாருங்க என்று பென்சிலால் மெல்லக் கோடு போட்டார். அந்தப் பென்சிலைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அவர் மேல் என்ன பிழை?

பெருந்துறைப் பழனிச்சாமி என்ற பெயருக்கு வந்ததும் செல்விக்கு முகம் தெளிந்தது. நன்றாக இருக்கிறார், நோய் திரும்பவில்லை என்றார். ஆனால் பேசுவதில்லையாம். கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். டார்ச் லைட் அளவில் இருக்கும், அதன் அதிர்வில் வாய் அசைத்தால் சொல் வரும். அதை ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். பயிற்சிக்கு வா என்றால் வருவதில்லை.

"உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காருங்க மேடம்" என்றார் செல்வி. "போன வருசம் பேசுனதை நீங்க பதிவு பண்ணி வெச்சிருக்கீங்கல்ல, அதை ஒருக்கா கேக்கோணுமாம். கேட்டுட்டா பயிற்சிக்கு வாரேன்னு எழுதிக் காட்டுனாருங்க. அவரு ஊட்டம்மாவும் தெனமும் போன் பண்ணிப்போட்டு, எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு கேக்கறாங்க."

அந்தப் பதிவு இல்லை. நான்தான் அழித்தேன். எழுத்தாக்கம் முடிந்து சரிபார்த்ததும் குரல் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் நெறிமுறைக் குழுவின் கட்டளை. யாருடைய குரல் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாதாம். நான் சட்டம் மீறாத பிள்ளை. கணினியில் அழித்து, குப்பைக்கூடையிலும் அழித்து, கருவியிலும் அழித்து, அழித்தேன் என்று கையெழுத்தும் போட்டேன். ஒரு மணி இருபது நிமிடக் குரல். இதைச் செல்வியிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கோழை.

அன்று பின்னேரம் சரவணம்பட்டியில் இன்னொருவர். கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தொண்டையில் பொருத்திய வால்வு மூலம் கரகரவென்று பேசுவார். போகிற வழியில் ஐ.டி. கம்பெனிகள் விடுகிற நேரம் வந்துவிட்டது. பஸ் நகரவில்லை. நின்றபடி ஒரு மணி நேரம். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை போனில், இன்னும் அதே சிக்னல்லதான் இருக்கேன், நீ சாப்பிட்டுப் படுத்துக்கோ என்று யாருக்கோ சொன்னாள். இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தேன். அந்த மனிதர் எதைக் கேட்டாலும், ஒரு கொறையும் இல்லீங்க, நல்லா பாத்துக்கறாங்க என்றார். விழுங்க முடிகிறதா? நல்லாருக்குங்க. தூக்கம்? நல்லாருக்குங்க. அவருக்குப் பின்னால் நின்ற மனைவி ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார். குறிப்பேட்டில் எதை எழுதுவது? எங்கள் ஊரில் என்றால் முதல் கேள்விக்கே டொக்டரையும் அரசாங்கத்தையும் என்னையும் சேர்த்துத் திட்டித் தீர்த்திருப்பார்கள். அதை எழுதுவது சுலபம்.

மூன்றாம் நாள் காந்திபுரத்தில் பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். ஏறியது சேலம் வண்டி. கூட்டத்தில் டிக்கெட் போட்டபடி வந்த நடத்துநர் செங்கப்பள்ளி தாண்டிய பிறகுதான் என்னிடம் வந்தார், பெருந்துறை என்றதும் தலையில் கை வைத்தார். இது பைபாஸ் வண்டிங்க, ஊருக்குள்ள போகாதுங்க, ஏறும்போதே கேட்டிருக்கலாமில்லீங்க என்றார். கேட்டிருக்கலாம்தான். பாலத்தடியில் என்னை இறக்கிவிட்டு, நேரா போயி சோத்தாங்கை பக்கம் திரும்புங்க என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். வெயில். லாரிகள். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து சாயமும் ரசாயனமும் கலந்த ஒரு வாடை. உண்மையைச் சொன்னால் அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஐந்து மைல் இருந்தாலும் நடந்திருப்பேன், அந்த வீட்டு வாசலுக்குப் போகாமல் இருக்க.

பழனிச்சாமி தொழிற்பேட்டையில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். அவருடைய அப்பா காலம் வரை ஊரார் வயல்களில் கூலி வேலை. கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் தான்தான் என்று போன வருடம் என்னிடம் சொல்லியிருந்தார். அன்று அவர் பேசிய பேச்சு! நான் ஒரு கேள்வி கேட்டால் பத்து நிமிடம். மேலாளரைப் போல, மாமியாரைப் போல, பாய்லர் விசிலைப் போலக்கூடப் பேசிக் காட்டினார். நாளை மறுநாள் அறுவை, மனிதர் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு அறை வீடு. வாசலிலேயே இருவரும் நின்றார்கள். பழனிச்சாமி முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துத் துளையை மறைத்து ஒரு சின்னத் துணி கட்டியிருந்தார். இரண்டு கையும் குவித்துக் கும்பிட்டார். மனைவி மரகதம், வாங்க, வாங்க, வெய்யல்ல நடந்தா வந்தீங்க என்று பையை வாங்கிக்கொண்டார். உள்ளே போனேன். நடுவில் ஒரு ஸ்டூல். அதன் மேல் பெரிய கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி, சார்ஜ் வயர் மாட்டியபடி. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்தார்களாம். அதைச் சுற்றி மூன்று நாற்காலிகள்.

முதலில் சாப்பிடச் சொன்னார்கள். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஆக்கிய சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். எங்கள் ஊரில் இப்படி ஒன்று இல்லை, ருசியாக இருந்தது. அவருக்கு மட்டும் இன்னும் குழைத்து வைத்தார். மூக்கு வழியே மூச்சுப் போகாததால் இவருக்கு வாசம் தெரியாது. நெய்யை ஊத்துனாலும் ஒண்ணுதானுங்க, தண்ணிய ஊத்துனாலும் ஒண்ணுதானுங்க என்று மரகதம் சொன்னார். சொல்லிக்கொண்டே நெய்யை ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்ததும் மரகதம் தன் போனை எடுத்தார். அவர் வீட்டுக்காரர் குரல் இருந்த நாளில் போனில் கூப்பிட்டுப் பேசுவாரே தவிர, குரலைப் பதிந்து அனுப்புகிற பழக்கம் கிடையாதாம். ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது என்று தட்டிக் காட்டினார். சாவிய எங்கடி வெச்சுப்போட்டுப் போன, எத்தன நேரமா வாசல்ல நிக்கறது? அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம். இதையே வைத்துக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது, உங்களிடம்தான் நிறைய இருக்கிறதே என்றார். பழனிச்சாமி ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கினார். நீல விளக்கு எரிந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். அழித்துவிட்டேன் என்றேன். படிவத்தில் அது இருந்தது, உங்களுக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. மரகதத்துக்கு முதலில் விளங்கவில்லை. எதற்காக அழித்தீர்கள் என்று கேட்டார். இவர் பாதுகாப்புக்காக என்றேன்.

"ஆருகிட்ட இருந்துங்க?" என்றார்.

பழனிச்சாமி ஸ்பீக்கரை நிறுத்தினார். வயரைக் கழற்றி, ஒழுங்காகச் சுற்றி, பெட்டியின் மேல் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆய்வு செய்ய வந்தவள் நோயாளி வீட்டில் அழக் கூடாது என்று நானே வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவள். மரகதம் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். சரி உடுங்க, அவரு சொன்னதாவது தாள்ல இருக்குதில்லீங்க, படிங்க, கேக்கறோம் என்றார்.

வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் போவதற்குள் என் இரண்டாவது பிழை விளங்கிவிட்டது. எழுத்தாக்கம் செய்த மாணவி நல்ல பிள்ளை, தமிழ் இலக்கியம் படித்தவள். அவர் பேசியதை எல்லாம் திருத்தி எழுதியிருந்தாள். தெளிவாக இருக்கிறது என்று நான்தான் பாராட்டினேன். "என் மனைவி மிகுந்த பொறுமை உடையவர். பணியிடத்தில் என்னை அனைவரும் மதித்தனர்." இதை யாழ்ப்பாணத்து இழுவையில் நான் வாசிக்க வாசிக்க, மரகதம் புரியாத மந்திரம் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு தலைமை ஆசிரியர் பேசுவது மாதிரி இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார்.

பழனிச்சாமி எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம். கருவியைக் கழுத்தில் அழுத்தியபடி வந்து என் முன்னால் நின்றார். கணபதியில் என் அறைக்குக் கீழே கேட்ட பட்டறை இரைச்சலில் சொல் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வந்தது.

"நா... இப்புடி... பேச... மாட்டனுங்க. என்ற... ஊட்டுக்காரிக்கு... பொறுமையே... கெடையாதுங்க."

மரகதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, அழுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. பழனிச்சாமி அதைப் பார்த்தார். கருவியை நிறுத்தி, உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு கடைசி வரை எடுக்கவில்லை.

நான் தொடர்ந்து வாசித்தேன், வேறு என்ன செய்வது. ஆறாம் பக்கம் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "குரல் இல்லாமல் வாழ்வதைவிட இறப்பதே மேல் என்று கருதினேன், என் மனைவியின் வற்புறுத்தலால்தான் அறுவைக்குச் சம்மதித்தேன்." இது வீட்டில் யாருக்கும் போகாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முடிவெடுப்பில் குடும்பத்தின் பங்கு என்று பச்சை மையால் அதன் ஓரத்தில் ஒரு தலைப்பும் கொடுத்திருந்தேன். அந்தப் பத்தியைத் தாண்டி ஏழாம் பக்கத்துக்குப் போனேன். பழனிச்சாமி கையை நீட்டினார். ஆறாம் பக்கத்தை வாங்கி, எழுந்து நின்று படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மீதி எல்லாம் சரிதான் என்று தலையை ஆட்டி, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பயிற்சிக்கு வருவீர்களா என்று கேட்டேன். கும்பிட்டார். அது வருகிறேன் என்றா, போய் வாருங்கள் என்றா, எனக்குத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தம் வரை மரகதம் கூட வந்தார். இந்த முறை ஊருக்குள் வருகிற வண்டியா என்று அங்கிருந்த கடைக்காரரிடம் அவரே விசாரித்தார். நிழலில் நின்றோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே தொடங்கினார்.

"அந்தப் பக்கத்துல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மணி. ஆப்ரேசன் வேண்டாம், செத்தாலும் பரவால்லைன்னு சொல்லியிருப்பாரு. நாந்தானுங்க கால்ல உழுந்து ஒத்துக்க வெச்சது."

இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாமல் நின்றேன், அதுவே பதிலாகிவிட்டது.

ஒரு வருடமாக இந்த மனிதர் தன்னிடம் பேசாமல் இருப்பது பேச முடியாததாலா, கோபத்தாலா என்று தெரியவில்லை என்றார் மரகதம். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாராம். அந்தக் குரலைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று இருந்தேன், கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா என்றார்.

"நீங்க கேட்டீங்கல்ல. என்ற மேல கோவமா சொன்னாருங்களா, இல்ல, சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்களா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

அந்தப் பதிவை நான் மூன்று தடவை கேட்டவள். எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டும் கேட்டவள். எவ்வளவு முயன்றும் அந்த வாக்கியத்தின் தொனி வரவில்லை. பச்சை மைத் தலைப்புத்தான் வந்தது. அவர் கத்தியிருக்கலாம். அழுதிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். மரகதம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்றேன்.

தூரத்தில் வண்டி தெரிந்தது. சிரித்தது தாளில் இருக்கிறதா என்று மரகதம் கேட்டார். இல்லை, சொற்கள் மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றேன்.

"அப்ப எழுதிப்போடுங்க அம்மணி. நாளைக்கு இதைப் படிக்கறவங்க, அந்த மனுசன் பொண்டாட்டி மேல கோவப்பட்டுச் சொன்னாருன்னு நெனைச்சுப்போடக் கூடாதில்லீங்க."

பையில் என் பிரதி இருந்தது. ஆறாம் பக்கத்தை எடுத்து, கடைப் பலகையில் வைத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுச் சிரிக்கிறார் என்று எழுதினேன். மரகதம் என் கை எழுதுவதைக் கடைசி எழுத்து வரை பார்த்தார். பிறகு பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார்.

அந்த அடைப்புக்குறிச் சொல்லை இன்னும் நான் அழிக்கவில்லை. வருகிற மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.